எஸ்ஜிபிடி 86, பக்கத்தில் ஒரு ‘எச்’

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இப்போதெல்லாம் டாக்டருக்கு முன்னால் நம் கைக்கு வந்துவிடுகிறது. எனக்கு அது இரவு பத்தே முக்காலுக்குப் போனில் வந்து விழுந்தது. படுத்தபடியே திறந்தேன். சர்க்கரை, யூரியா, கொலஸ்ட்ரால் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான்காம் பக்கத்தில், கல்லீரல் டெஸ்ட்டில், இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. எஸ்ஜிஓடி 94. எஸ்ஜிபிடி 86. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு ‘எச்’. அளவுக்கு மேல் என்று அர்த்தம். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. பசி நன்றாக இருந்தது, கண் வெள்ளையாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் எடுக்கச் சொல்கிறார்களே என்று எடுத்த டெஸ்ட். அன்றைய தூக்கம் அதோடு சரி.

இவ்வளவு பயந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தப்பா கல்லீரல் சுருங்கிப் போய் இறந்தவர். அவருடைய ரிப்போர்ட்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிரவு நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். போனில் தேடினேன். அரை மணி நேரத்தில் எனக்கு ஏழெட்டு வியாதிகள் வந்துவிட்டன. நடுவே ஒரு கணக்கும் கிடைத்தது. ஃபிப்-4 என்று பெயர். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் போட்டால் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் சொல்லும். 1.3க்குக் கீழே இருந்தால் பெரிதாகக் கவலையில்லை, 2.67க்கு மேலே போனால் கட்டாயம் மேலே பார்க்க வேண்டும். நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான். என் வயது 44, பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம். போட்டுப் பார்த்தேன். 1.86. இரண்டும்கெட்டான். மனைவியை எழுப்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரைப் பார்த்தபோது நான் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டிய வியாதிகளின் பட்டியலே கையில் இருந்தது. அவர் ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் புரட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ரத்தம் கொடுக்கிறதுக்கு முந்தின வாரம் என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே டாக்டர். ஆபீஸ், வீடு.”

“கையை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?”

அப்போதுதான் கவனித்தேன். முழங்கையை முழுதாக நீட்ட முடியாமல் கொஞ்சம் மடித்தே வைத்திருந்தேன். ரத்தம் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஜிம்மில் சேர்ந்திருந்தேன். இருபது வருடம் கழித்து முதல் முறையாக வெயிட் தூக்கினேன். நேற்று வரை தலை சீவக் கை எழும்பவில்லை. இதெல்லாம் கல்லீரல் டெஸ்ட்டோடு சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் சிரித்தார். “ஈரலுக்கு முன்னாடி தசையைப் பார்ப்போம்” என்று கிரியேட்டின் கைனேஸ் என்ற டெஸ்ட்டை எழுதிக் கொடுத்தார். சிகே என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தசை நார் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுவது. இருநூறு சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது எனக்கு 2,900 இருந்தது.

இந்த இடத்தில் அந்த இரண்டு எழுத்துக் கூட்டங்களும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எஸ்ஜிபிடிக்குப் புதுப் பெயர் ஏஎல்டி. எஸ்ஜிஓடிக்குப் புதுப் பெயர் ஏஎஸ்டி. சில லேப்கள் பழைய பெயரைப் போடும், சில புதியதை, சில இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதும். பெயர்தான் இரண்டு, ஆள் ஒன்றே. இரண்டுமே நொதிகள். ஓர் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் உள்ள துண்டைக் கழற்றி இன்னொரு மூலக்கூறில் மாட்டிவிடுவது இவற்றின் வேலை. ஏஎல்டி அலனைனில் கைவைக்கும், ஏஎஸ்டி அஸ்பார்டேட்டில். வேலை நடப்பது செல்லுக்கு உள்ளே. ரத்தத்தில் இவற்றுக்கு வேலையே கிடையாது. பழைய செல்கள் இறந்து புதியவை வருவது எப்போதும் நடப்பதால் கொஞ்சம் மட்டும் ரத்தத்தில் கலந்திருக்கும்.

டாக்டர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. “வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய ஆள் தெருவில நிக்கிறார். டெஸ்ட் சொல்றது அவ்வளவுதான். வீடு இடிஞ்சு போச்சா, கூரை ஒழுகுதா, ஏன் வந்தார், இதெல்லாம் அது சொல்லாது. முதல்ல, அவர் எந்த வீட்டு ஆளுன்னே விசாரிக்கணும்.”

எந்த வீடு என்பதுதான் என் விஷயத்தில் முக்கியம். ஏஎல்டி பெரும்பாலும் கல்லீரலில் குடியிருப்பது. தசையிலும் கொஞ்சம் உண்டு. ஏஎஸ்டிக்கோ ஊரெல்லாம் வீடு. கல்லீரல், இதயம், தசை, சிறுநீரகம், மூளை, ரத்தச் சிவப்பணு வரை. ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால்கூட ஏஎஸ்டி கூடுதலாகக் காட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏஎஸ்டி மருத்துவத்துக்குள் வந்ததே கல்லீரலுக்காக அல்ல. 1954ல் லாட்யூ, ரோப்ளெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த நொதி ஏறுவதைக் கண்டு எழுதினார்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அது ரொம்ப நாள் பயன்பட்டது. அதைவிடத் துல்லியமான டெஸ்ட்கள் இதயத்துக்கு வந்த பிறகு, இது கல்லீரல் பக்கத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

உடற்பயிற்சிக்குப் பழக்கமில்லாத நல்ல ஆரோக்கியமான ஆண்களை ஒரு மணி நேரம் வெயிட் தூக்கச் சொல்லி ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டு நொதிகளும் ஏறி, குறைந்தது ஒரு வாரம் அப்படியே நின்றன. மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபினும், ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் அசையவில்லை. என்னுடைய ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். பிலிருபின் 0.8, அல்புமின் 4.4, அல்கலைன் பாஸ்படேஸ் 82, மூன்றும் எல்லைக்குள். ஜிஜிடி மட்டும் 58, லேப் போட்ட எல்லைக்கு ஒரு விரல்கடை மேலே. அந்த ஜிஜிடியை டாக்டர் பேனாவால் தொட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டார். நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் ‘தசைதான், போங்க’ என்ற ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. கேள்விகள் தொடர்ந்தன. குடிப்பீர்களா, எவ்வளவு, நிஜமாக எவ்வளவு. என்னென்ன மாத்திரை. காய்ச்சல், மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கிப் போட்டது உண்டா. பச்சை குத்தியதுண்டா, எப்போதாவது ரத்தம் ஏற்றியதுண்டா. வீட்டில் யாருக்காவது ஈரல் பிரச்சினை. தைராய்டு. கடைசியாக, “பொடி, கேப்ஸ்யூல், லேகியம், டீ, எதுவாவது?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். ஜிம்மில் சேர்ந்த அன்றே ஒரு டப்பா வாங்கியிருந்தேன். ‘கொழுப்பைக் கரைக்கும்’ கேப்ஸ்யூல். மூன்று நாள் சாப்பிட்டிருந்தேன். மருந்து என்று அதை நான் நினைக்கவே இல்லை, இயற்கை என்று போட்டிருந்தானே. வீட்டுக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், ஐந்தாவது வரியில், கிரீன் டீ சாறு. கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற கிரீன் டீ வேறு. அதையே பல மடங்கு செறிவாக்கி மாத்திரையில் அடைத்தது வேறு. இரண்டாவது வகையால் சிலருக்குக் கல்லீரல் மோசமாக அடிபட்டிருப்பது மருத்துவ உலகில் நன்றாகப் பதிவான விஷயம். டப்பா குப்பைக்குப் போனது. என் எண்கள் ஏறியதற்கு அது காரணமா என்று கேட்டால், மூன்று நாளில் அப்படி ஆக வாய்ப்புக் குறைவு என்றார் டாக்டர். ஆனால் மூன்று மாதம் தின்றிருந்தால் அந்த வரியை அவர் வேறு மாதிரி படித்திருப்பார்.

மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. பாரசிட்டமால் சரியான அளவில் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பதே மேல் எல்லை. சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று மாத்திரைகளை ஒன்றாகப் போடும்போது எல்லாவற்றிலும் அதுவே ஒளிந்திருப்பது தெரியாமல் சிலர் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். அளவுக்கு மீறி விழுங்கிய முதல் நாளில் ரத்த டெஸ்ட் நார்மலாகவே இருக்கலாம், ஆளும் நன்றாக இருக்கலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத விஷயம் அது. முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் அதற்குப் பலன். காசநோய் மாத்திரைகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைத் தொடக்கூடியவை. அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாட்டிக், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், வலிப்புக்கான வால்ப்ரோயேட் என்று பட்டியல் நீளும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள். எஸ்ஜிபிடி 60 என்று கண்டதும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இந்த மாத்திரையால் லேசாக ஏறுவது உண்டுதான், பலருக்குத் தானாகவே இறங்கியும்விடும். எல்லையைப் போல மூன்று மடங்கு தாண்டி நிற்காதவரை பொதுவாக டாக்டர்கள் நிறுத்துவதில்லை. கல்லீரலைக் காப்பாற்றுவதாக நினைத்து இதயத்தைக் கைவிட்ட கதையாகிவிடும். எந்த மாத்திரையையும் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக நிறுத்துவது, நாமாக ஆரம்பிப்பதைப் போலவே கெட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் வெயிட் தூக்க வேண்டாம், அப்புறம் மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். அந்த மூன்று வாரமும் நான் ரொம்பத் தெம்பாக இருந்தேன். ‘எல்லாம் தசைதான்’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் சிகே 140. எஸ்ஜிஓடி 34, நார்மல். எஸ்ஜிபிடி 58.

பாதிதான் தசை.

முதல் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி பெரியது, எஸ்ஜிபிடி சின்னது. இரண்டாவதில் தலைகீழ். இதற்கு அர்த்தம் உண்டு. ஏஎஸ்டி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரம் போதும். ஏஎல்டிக்கு 47 மணி நேரம் ஆகும். தசையில் அடிபட்டால் ஏஎஸ்டி முதலில் துள்ளி ஏறும், வேகமாக இறங்கிவிடும். ஆனால் மூன்று வாரம் என்பது ஏஎல்டியும் வீடு திரும்பப் போதுமான காலம். அதற்குப் பிறகும் 58ல் நிற்கிறதென்றால் உள்ளிருந்து யாரோ தினமும் புதிதாக வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். இந்த முறை வீடு கல்லீரல்தான்.

இந்த விகிதத்தை முதலில் கவனித்தவர் இத்தாலியரான ஃபெர்னாண்டோ டி ரிடிஸ், 1957ல். அவர் பெயரிலேயே இன்றும் அது வழங்குகிறது. ஏஎல்டி பெரியதாக இருந்தால் பொதுவாகக் கொழுப்புக் கல்லீரல், வைரஸ் போன்றவை. ஏஎஸ்டி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடி என்ற சந்தேகம் வரும். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு பி6 வைட்டமின் குறைந்துவிடும், ஏஎல்டி அந்த வைட்டமினை நம்பி இருப்பது, அதனால் அது ஏறாமல் தங்கிவிடும் என்பது ஒரு காரணம். டாக்டர் ‘நிஜமாக எவ்வளவு’ என்று கேட்பது ஒழுக்க விசாரணை இல்லை, கணக்குக்கான எண். அதில் பொய் சொன்னால் அந்த விகிதம் எப்படியும் காட்டிக்கொடுக்கப் பார்க்கும்.

எண் எவ்வளவு பெரியது என்பதற்கும் கொஞ்சம் அர்த்தம் உண்டு, நாம் நினைக்கிற அர்த்தம் இல்லை. ஆயிரங்களில் போனால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். திடீர் வைரஸ் தாக்குதல், பாரசிட்டமால் போன்ற விஷம், ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஈரல் மூச்சுத் திணறியது, பெரும்பாலும் இவற்றில் ஒன்று. அப்படி 3,000 போனவர் ஒரு மாதத்தில் முழுதாகத் தேறிவிடலாம். பத்து வருடம் 60லேயே நின்றவருக்கு உள்ளே தழும்பு கட்டிக்கொண்டே போகலாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பெரிய எண் என்றால் பெரிய நோய், சின்ன எண் என்றால் சின்ன நோய் என்றே மனம் படிக்கிறது.

இனி சித்தப்பா.

அப்போது அவருக்கு 61 வயது. கால் வீங்குகிறது, அசதியாக இருக்கிறது என்று ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். படித்தவன் என்று என்னிடம்தான் தாளைக் கொடுத்தார்கள். ஈரல் டெஸ்ட் என்றால் எஸ்ஜிபிடி என்று மட்டும் எனக்குத் தெரியும். விரலை வைத்துத் தேடினேன். எஸ்ஜிபிடி 31. எஸ்ஜிஓடி 38. இரண்டும் எல்லைக்குள். “ஈரல் சுத்தமா இருக்கு சித்தப்பா” என்றேன். சித்தி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அதே தாளில் அல்புமின் 2.7 என்று இருந்தது, பக்கத்தில் ‘எல்’ என்ற எழுத்தோடு. குறைவு. சத்துக் குறைச்சல் என்று நினைத்தோம், நன்றாகச் சாப்பிடச் சொன்னோம். வேறொரு பக்கத்தில் பிளேட்லெட் 86 ஆயிரம். அது ஏதோ ரத்த சம்பந்தமானது என்று புரட்டிவிட்டோம். உண்மையில் அந்தத் தாளில் கல்லீரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவை அந்த இரண்டு எண்கள்தான்.

அல்புமின் கல்லீரல் செய்கிற புரதம். ரத்தத்தில் இருபது நாள் அளவில்தான் பாதியாகக் குறையும் என்பதால், அது குறைந்திருக்கிறதென்றால் தொழிற்சாலை பல வாரங்களாகவே தடுமாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். (சிறுநீரில் புரதம் போனாலும் குறையும். அதையும் பார்ப்பார்கள்.) ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும் ஐஎன்ஆர் இன்னும் வேகமான சாட்சி. உறைவதற்கான பொருள்களைச் செய்வதும் கல்லீரல்தான், அவை நாள்கணக்கில் தீர்ந்துவிடும். பிளேட்லெட் விஷயம் சுற்றுவழி. கல்லீரல் தழும்பாகி இறுகினால் அதன் வழியே போகிற ரத்தத்துக்குப் பாதை அடைபடும். ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எஸ்ஜிபிடி ஏன் 31? வீட்டில் ஆளே குறைந்துவிட்டால் தெருவுக்கு யார் வருவது? உடைவதற்குச் செல்களே அதிகம் மிச்சமில்லை. பேரில் ‘கல்லீரல் செயல்பாட்டு டெஸ்ட்’ என்று இருந்தாலும் இந்த நொதிகள் செயல்பாட்டை அளப்பதே இல்லை. அதை அளப்பவை அல்புமின், பிலிருபின், ஐஎன்ஆர். இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அந்தப் பழைய தாள் பத்திரமாகவே இருந்தது. என் 1.86 வந்த வாரத்தில் அதைத் தேடி எடுத்து அதே ஃபிப்-4 கணக்கைப் போட்டேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் அதைப் பெருக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 4.84. இரண்டு நொதிகளிலும் ஒரு ‘எச்’கூட இல்லாத ரிப்போர்ட்டில்.

என்னுடையதை இரண்டாவது ரிப்போர்ட்டின் எண்களோடு மறுபடி போட்டேன். 0.82. முதல் முறை வந்த 1.86 என் கைத்தசைகள் செய்த வேலை. நல்ல கணக்கு, தப்பான எண்களைப் போட்டால் தப்பாகத்தானே சொல்லும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65க்கு மேலே முதல் எல்லையை 1.3க்குப் பதிலாக 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். இது சந்தேகத்தை வடிகட்டுவதற்கான சல்லடை, தீர்ப்பு இல்லை.

மிச்ச டெஸ்ட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் பார்த்தார்கள், இல்லை. எண் லேசாக ஏறியிருந்தாலும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய டெஸ்ட்கள் இவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022ல் பி வகையோடு வாழ்ந்தவர்கள் 25 கோடிக்கு மேல், சி வகையோடு சுமார் 5 கோடி. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, வந்தவர்களுக்குக் கட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது. சி வகை இன்று எட்டிலிருந்து பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிவிடுகிறது. அல்கலைன் பாஸ்படேஸும் ஜிஜிடியும் சேர்ந்து ஏறினால் பித்தநீர்ப் பாதையைப் பார்ப்பார்கள். முதலாவது மட்டும் தனியாக ஏறினால் எலும்பாக இருக்கலாம், வளரும் பிள்ளைகளுக்கும் கடைசி மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இயல்பு. பிலிருபின் மட்டும் லேசாக ஏறி, பட்டினி கிடந்தால் இன்னும் கொஞ்சம் ஏறி, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவித் தன்மை, கெடுதல் இல்லாதது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, வாந்தியோ மனக்குழப்பமோ வயிற்று வீக்கமோ இருந்தால், இதெல்லாம் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

ஸ்கேனில் எனக்குக் கொழுப்பு தெரிந்தது. முதல் நிலை. டாக்டர் அதைப் பெரிய செய்தியாகச் சொல்லவில்லை. உலகத்தில் பெரியவர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. 2023ல் இதன் பெயரையே மாற்றிவிட்டார்கள். ‘குடியால் வராதது’ என்று எதிர்மறையாகச் சொன்ன பழைய பெயர் போய், வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்தது என்று ஆகியிருக்கிறது. தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு எல்லாம் இதன் கூட்டாளிகள். பெரும்பாலோருக்கு இது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, சித்தப்பாவின் பாதையில் போகும். அவருக்கும் இதுதான் ஆரம்பமாக இருந்திருக்க வேண்டும். அவர் குடித்ததே இல்லை. அது தெரிந்தும் ‘குடிக்காதவருக்கு எப்படி’ என்று பேசியவர்கள் உண்டு, சித்தி அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

இதற்கு என்ன மருந்து என்று கேட்டேன். எடையைக் குறையுங்கள் என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மாத்திரையாக எழுதிக் கொடுத்தால் நோயாளி என்ற மரியாதையாவது இருந்திருக்கும். ஆனால் இதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும். 7லிருந்து 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் அடங்கும். 10க்கு மேல் போனால் தழும்புகூடப் பலருக்குப் பின்வாங்கும். நான் 86 கிலோ இருந்தேன். என் முதல் எஸ்ஜிபிடியும் அதே எண் என்பதை அன்றுதான் கவனித்தேன், சிரிப்பு வந்தது. ‘ஈரலைச் சுத்தம் செய்யும்’ டானிக்குகளைப் பற்றிக் கேட்டேன். “சுத்தம் பண்றதே ஈரல்தான், அதை யார் சுத்தம் பண்றது?” என்றார். காபி குடிக்கலாமா என்றேன். தாராளமாக, காபி குடிப்பவர்களுக்கு இந்த எண்கள் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரையை மட்டும் விடுங்கள் என்றார். அது ஒன்றுதான் அன்று கிடைத்த நல்ல செய்தி.

ஜிம்முக்கு மறுபடி போனேன், மெதுவாக. சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்தினேன். இரவில் கண்டதைக் கொறிப்பதை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு மாதத்தில் 80.5 கிலோ. 7 சதவீதம் தொட இன்னும் அரை கிலோ பாக்கி.

போன வாரம் மூன்றாவது ரிப்போர்ட் வந்தது, இதுவும் இரவில்தான். இந்த முறை நான்காம் பக்கத்துக்குத் தாவவில்லை. முதலில் பிளேட்லெட்டைப் பார்த்தேன், 2 லட்சத்து 35 ஆயிரம். அப்புறம் அல்புமின், 4.5. அதற்கப்புறம்தான் எஸ்ஜிபிடி. 36. லேப் போட்டிருந்த எல்லை 50. ‘எச்’ இல்லை, தடித்த எழுத்து இல்லை. மனைவியிடம் காட்டினேன், அவள் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் டாக்டர் அந்த 36ஐப் பென்சிலால் வட்டமிட்டார். நார்மல்தானே என்றேன். இந்த எல்லைகளை எப்படிப் போடுகிறார்கள் என்று அப்போதுதான் சொன்னார். ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தை எடுத்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் எண்களை நார்மல் என்று வைத்துக்கொள்வார்கள். அதனால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால் நல்ல ஆரோக்கியசாலிக்கும் ஏதாவது ஒன்றில் ‘எச்’சோ ‘எல்’லோ விழக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது ஒரு பக்கம். அந்த ‘ஆரோக்கியமான’ கூட்டத்திலேயே என்னைப் போலத் தெரியாமல் ஈரலில் கொழுப்பை வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களால் எல்லையே மேலே ஏறிக் கிடக்கிறது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் அமைப்பு 2017ல் கொடுத்த வழிகாட்டுதலில் உண்மையான நார்மல் ஏஎல்டி ஆண்களுக்கு 29லிருந்து 33, பெண்களுக்கு 19லிருந்து 25.

வட்டத்துக்குப் பக்கத்தில் 33 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். “ஆறு மாசம் கழிச்சு வாங்க. ரத்தம் கொடுக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மட்டும் வெயிட் தூக்காதீங்க.”